ஒன்பதாம் வகுப்புக்கு நான் பாடப்பொருள் ஆன விவரம்

மணக்காடு,
திருவனந்தபுரம்.
வியாழக்கிழமை.

மதிப்பும் பாசமும் உள்ள லிங்கராஜ் அத்தான் அவர்களுக்கு,

மைத்துனன் அஜீஷ் வணக்கம் சொல்லி எழுதுவது. கர்த்தருடைய கிருபையில் இங்கே ஷெமி அக்காவும் உங்கள் மகள் ஷிஜாவும் நல்ல சுகம். நானும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் என் சுகத்தைப் பற்றி ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பதினொரு பேர் வரைபடம் போட்டு வைத்திருக்கிறார்கள், அதில் கோடு கீழே இறங்குகிறது. நீங்கள் அனுப்பிய பேரீச்சம்பழம் கிடைத்தது. மஸ்கட்டில் சூடு கொஞ்சம் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இந்தக் காலத்தில் எவன் பேப்பரில் எழுதுகிறான் என்று நினைப்பீங்க. போனில் பேசினால் ஷிஜா பக்கத்தில் நிற்கிறாள். வாட்ஸாப்பில் அனுப்பினால் அவள்தான் முதலில் திறக்கிறாள். லேப்டாப்பில் எழுதலாம் என்றால், நான் எத்தனை மணி நேரம் திரையைப் பார்க்கிறேன் என்பதை ஒரு பிள்ளை கணக்கு எழுதுகிறது. ராஜையன் அண்ணன் லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை மஸ்கட் திரும்புகிறார், அவர் கையில் இந்தக் கடிதத்தையும் நேந்திரங்காய் சிப்ஸ் ரெண்டு கிலோவும் குடுத்து விடுகிறேன். சிப்ஸ் முழுசா வந்து சேருமா என்பதற்கு நான் பொறுப்பில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் நீங்கள் போனில் கேட்டீங்க: “லே அஜீஷ், அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்துல என் மவ என்னதான் படிக்கா? நீ நேர்ல போயி ஒவ்வொரு சப்ஜெக்டா பாத்து எழுது. சரியில்லன்னா டி.சி. வாங்கி அந்த கழக்கூட்டம் பெரிய ஸ்கூல்ல போட்டுரலாம்.” மார்த்தாண்டத்தில் தமிழில் படித்த பிள்ளை, இங்கே வந்து மலையாளத்துக்கும் இங்கிலீஷுக்கும் நடுவில் திணறக்கூடாது என்று அக்காதான் ஸ்ரீவராகம் பக்கத்துத் தமிழ் மீடியத்தில் சேர்த்தாள். அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியும் பக்கம். இப்போது கேட்டால் “நீயாச்சு, அத்தானாச்சு, எனக்கு டியூட்டி இருக்கு” என்று நகர்ந்துவிட்டாள். ஆகையால் நான் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், டி.சி. விண்ணப்பப் படிவம் இதோடு வைத்திருக்கிறேன், அப்பா கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன், கையெழுத்துப் போட்டு உடனே கூரியரில் திருப்பி அனுப்புங்கள், பெரிய பள்ளியில் இந்த மாதக் கடைசி வரைதான் இடம் வைத்திருப்பார்களாம்.

இனிக் காரணம். அந்தப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குப் பதினொரு பிள்ளைகள். வாத்தியார்கள் நாலு பேர். அதில் ஒருவர் எப்போதும் ஏதாவது கணக்கெடுப்பு டியூட்டியில் இருப்பார், நான் அவரைப் பார்த்ததே இல்லை. ஆள் போதாததால் அங்கே ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். ஒரு டேர்முக்கு ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு எல்லாப் பாடத்தையும் அதை வைத்தே நடத்துவது. போன டேர்ம் பள்ளிக்கு எதிரில் உள்ள சாயாக்கடை. கணக்கு, பௌதிகம், வரலாறு எல்லாமே சாயாக்கடை. ஈக்களை எண்ணி வரைபடம் போட்டு ஒட்டியதும் கடைக்காரர் துரத்திவிட்டார். இந்த டேர்முக்கு என்ன பொருள் என்று பிள்ளைகளிடம் ஓட்டு எடுத்திருக்கிறார்கள். உங்கள் மகள் எழுந்து ஒரு பெயர் சொல்லியிருக்கிறாள். பதினொன்றுக்குப் பதினொன்று, எதிர்ப்பே இல்லாமல் பாஸாயிருக்கிறது. பெயர்: என் மாமா.

இது எனக்குத் தெரியாது அத்தான். சத்தியமாகத் தெரியாது. எனக்கு வாரத்தில் மூணு நாள் வீட்டிலிருந்து வேலை, ரெண்டு நாள் கழக்கூட்டம் ஆபீசுக்குப் போய் பைபாஸில் கிடந்து திரும்புவது. வீட்டில் இருக்கிற நாளில் மத்தியானம் மூணு மூணு பேராகப் பிள்ளைகள் நோட்டோடு வந்து தரையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். நான் என்ன நினைத்தேன்? ஐ.டி.காரன் எப்படி வேலை செய்கிறான் என்று கற்றுக்கொள்ள வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். நான் டெஸ்டர், மற்றவன் எழுதின சாஃப்ட்வேரில் எங்கே தப்பு என்று கண்டுபிடிப்பது என் வேலை என்று விளக்கமாகச் சொன்னேன். சுடலைமாடத்தி என்று ஒருத்தி, அவள் அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து கட்டட வேலை பார்க்கிறவர், அவள் தலையை ஆட்டி ஆட்டி எழுதிக்கொண்டாள். பிறகு அந்த நோட்டைப் பார்த்தேன். “குறை கண்டுபிடிப்பது இவருடைய தொழில். வீட்டுக்குள்ளும் தொழிலை விடுவதில்லை” என்று எழுதியிருக்கிறது. பக்கத்தில் டீச்சர் சிவப்பு மையில் ‘நன்று’.

விஷயம் வெடித்தது போன செவ்வாய்க்கிழமை. டீம் கால் நடக்கிறது, பதினாலு பேர், அமெரிக்கக் கிளையண்டும் இருக்கிறான். என் மேனேஜர் மகேஷ்குமார் “ஒரு மினிட், எல்லாரும் இதை ஒண்ணு நோக்கணும்” என்று ஒரு மெயிலைத் திரையில் போட்டார். இங்கிலீஷில் புகார்க் கடிதம். பள்ளிக் கம்ப்யூட்டரிலிருந்து வந்தது. கீழே பதினொரு கையெழுத்தும் என் வேலை நேர வரைபடம் ஒன்றும் ஸ்கேன் பண்ணிப் போட்டிருக்கு. அதில் என்ன இருந்தது என்று தமிழில் சொல்கிறேன், கேளுங்கள். “மதிப்பிற்குரிய ஐயா, எங்கள் பாடப்பொருள் தினமும் சராசரி பதினொரு மணி நேரம் வேலை செய்கிறது. எட்டு மணி நேர வேலை என்பது தொழிலாளர்கள் போராடிப் பெற்றது என்று நாங்கள் மூன்றாம் பாடத்தில் படித்தோம். எங்கள் பாடப்பொருளுக்கு இது தெரியவில்லை. சொன்னால் ‘போங்க பிள்ளைகளா’ என்கிறது. தாங்கள் உடனே சரிசெய்யாவிட்டால் எங்கள் தரவு பழுதாகும்.” என்கிறது! அஃறிணை! எல்லாரும் மைக்கை அணைத்துவிட்டுச் சிரித்தார்கள், வீடியோவை அணைக்க மறந்துவிட்டார்கள். கிளையண்ட் மட்டும் முகம் மாறாமல் “அந்த வரைபடம் எனக்கு அனுப்ப முடியுமா” என்று கேட்டான். அன்றிலிருந்து ஆபீஸில் எனக்குப் பெயர் பாடப்பொருள். கேன்டீனில் சாப்பாடு எடுக்கப் போனால் “பாடப்பொருளுக்கு மீன் வறுத்தது ஒண்ணு கூட வை சேட்டா” என்கிறான்.

மறுநாள் லீவு போட்டுப் பள்ளிக்குப் போனேன். தலைமை ஆசிரியை ஜெயலக்ஷ்மி டீச்சர்தான் கணக்கும் எடுக்கிறார். ஸ்ரீவராகத்து அக்ரகாரத்தில் இருப்பவர். நான் கத்திக்கொண்டே உள்ளே போனேன், அவர் நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், ஒரு துண்டுக் காகிதத்தில் நேரத்தைக் குறித்துக்கொண்டார். “வாங்கோ, ஒக்காருங்கோ. காப்பி சாப்பிடறேளா? ஒண்ணும் தப்பா நெனச்சுக்காதீங்கோ, இன்னிக்கு நீங்களே நேர்ல வந்துட்டேள், கொழந்தேளுக்குப் பெரிய ஒத்தாசை.” டி.சி. வேணும் என்றேன். “தரேன். அதுக்கு முன்னாடி உங்க அத்திம்பேர் பாடம் பாடமா பாத்துட்டு வரச் சொன்னாராமே, ஷிஜா சொன்னா. பாத்துட்டே போங்கோ.” ஷிஜாவுக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்காதீங்க, அவளுக்கு எல்லாம் தெரியும். ஆகையால் பார்த்தேன். கீழே எழுதுவது எல்லாம் நான் கண்ணால் கண்டது, படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள் இது ஒரு பள்ளிக்கூடமா என்று.

கணக்கில் புள்ளியியல். நான் “இதோ ஒரு அஞ்சு நிமிஷம்” என்று சொன்ன இருபது தடவையை எடுத்திருக்கிறார்கள். எத்தனை நிமிஷம் கழித்து எழுந்து வந்தேன் என்று வரிசையாக எழுதி சராசரி, இடைநிலை, முகடு எல்லாம் கண்டுபிடித்திருக்கிறார்கள். சராசரி நாற்பத்து மூன்று. “ஏன் சராசரியைவிட இடைநிலை குறைவா இருக்கு, சொல்லு மாடத்தி” என்றார் டீச்சர். “ஒரு நாள் மாமா ரெண்டு மணி பத்து நிமிஷம் எந்திரிக்கல டீச்சர், அது ஒண்ணு சராசரியப் புடிச்சி மேல இழுத்துட்டு. இடைநிலைய இழுக்க முடியாது” என்கிறாள். சொல்வது சரிதான், அதுதான் எனக்கு எரிச்சல். அப்புறம் என்னிடமே திரும்பி, “மாமா, நீங்க சொன்ன அஞ்சு நிமிஷத்துல ரொம்பச் சின்னது பதினெட்டு நிமிஷம், வேணும்னா நோட்டப் பாருங்க” என்கிறாள். எல்லாரும் எனக்கு மாமாதான். கல்யாணம் ஆகாத எனக்கு மருமக்கள் மட்டும் பதினொரு பேர்.

பௌதிகமும் ரசாயனமும் லிஜோ சார். மலையாளி, தமிழை மலையாளத்தில் போட்டு எடுத்துப் பேசுவார். என் லேப்டாப்பின் அடியில் தினமும் சாயங்காலம் வெப்பமானி வைத்து அளக்கிறார்களாம், நான் குளிக்கப் போகிற நேரம். “அஜீஷே, நல்ல டேட்டா ஆணு கேட்டோ. சூடு எந்தப் பக்கம் பரவுதுன்னு இவங்களுக்கு மனசிலாயி.” எனக்கு மனசிலாகவில்லை. அப்புறம் சாயா. நான் சாயாவில் நாலு கரண்டி சர்க்கரை போடுவேன், குடித்து முடித்தால் அடியில் கொஞ்சம் தங்கும். பூரிதக் கரைசல் என்றால் இதுதான், அதற்கு மேல் கரையாது என்று ஷிஜா சொல்லியிருக்கிறாள். லிஜோ சார் விடவில்லை. அதே அளவு சாயா போட்டு, நன்றாகக் கலக்கி, கரண்டி கரண்டியாகச் சர்க்கரை போட்டுப் பார்த்திருக்கிறார்கள். பதினாறு கரண்டி கரைந்துவிட்டது, அதற்கு மேல் பள்ளியில் சர்க்கரை இல்லை. நோட்டில் முடிவு எழுதியிருக்கிறார்கள்: “கரைசல் பூரிதம் அடையவில்லை. மாமா கலக்கவில்லை.” முப்பது வயசில் எனக்குச் சாயா கலக்கத் தெரியாது என்பது அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியில் பதிவாகியிருக்கிறது.

உயிரியலில் முதுகெலும்பு. என்னைப் பக்கவாட்டில் போட்டோ எடுத்து, கழுத்துக்கும் முதுகுக்கும் கோடு போட்டு, பாகைமானி வைத்து அளந்திருக்கிறார்கள். நாற்பது பாகை முன்னால் சாய்ந்திருக்கிறேனாம். பக்கத்தில் நல்ல கழுத்துக்கு உதாரணமாகச் சாயாக்கடைக்காரர் படம். அவர் என்னைவிட இருபத்தஞ்சு வயசு மூத்தவர்.

சமூக அறிவியலும் தமிழும் இங்கிலீஷும் சுசீலாபாய் டீச்சர், நம்ம ஊர்ப் பக்கத்துப் பேச்சு. புகார்க் கடிதம் இவர் வேலைதான். “டீச்சர், என் மேனேஜருக்கு எப்படி எழுதலாம்” என்று கேட்டேன். “பின்ன சும்மா பொய்யா ஒரு கடிதம் எழுதப் பழகணுமா மக்களே? அனுப்பாத கடிதத்துக்கு ஒரு பிள்ளையும் எழுத்துப்பிழை திருத்தாது. இதுக்கு நாலு தரம் திருத்தி எழுதிச்சுவ தெரியுமா?” புவியியல் கேட்டால் தீர்க்கரேகை. என் கிளையண்ட் சிக்காகோ. தளவாய் என்று ஒரு பையன் எழுந்து நின்று, “மாமாவோட கிளையண்ட் தொண்ணூறு பாகை மேற்கு நேரத்துல இருக்காரு, மாமா எண்பத்திரண்டரை கிழக்கு நேரத்துல இருக்காரு, கூட்டினா நூத்தி எழுபத்திரண்டரை, பதினஞ்சால வகுத்தா பதினொண்ணரை மணி நேரம், அதான் அவரு காலையில ஆபீசுக்கு வரும்போது மாமா சாப்பிடாம திட்டு வாங்குறாரு” என்று ஒரே மூச்சில் சொல்லி உட்கார்ந்தான். நான் இந்தத் தீர்க்கரேகையை ஒன்பதாம் வகுப்பில் நெட்டுருப் போட்டு எழுதி, பரீட்சை முடிந்த அன்றே மறந்தவன். பதினொன்றரை மணி எங்கிருந்து வருகிறது என்று ஆறு வருஷ சர்வீசில் நான் யோசித்ததே இல்லை. யோசிக்க நேரம் இல்லை, அதுதான் இவர்களுக்குப் பாடம்.

தமிழில் என்னைப் பற்றிக் கட்டுரை, பதினொன்று. அதை நான் இங்கே எழுத மாட்டேன்.

எல்லா நோட்டிலும் கடைசிப் பக்கத்தில் ‘இன்னும் தெரியாதவை’ என்று ஒரு தலைப்பு வைத்திருக்கிறார்கள். கண்டுபிடிக்க முடியாததை அங்கே எழுத வேண்டுமாம், ஊகித்து எழுதினால் மார்க் குறைப்பார்களாம். ஷிஜா நோட்டைப் புரட்டினேன். “மாமா எப்போது சிரிப்பார்? தரவு போதவில்லை.” அவ்வளவுதான் எழுதியிருந்தாள். மூடி வைத்துவிட்டு டி.சி. படிவத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஜெயலக்ஷ்மி டீச்சர் கெஞ்சவும் இல்லை, தடுக்கவும் இல்லை. “பதினொண்ணு பத்தாயிடும், அவ்ளோதானே. புதுசா ஒரு பொருள் தேடணும், அதான் சிரமம்” என்று படிவத்தில் சீல் வைத்துத் தந்தார்.

பெரிய பள்ளியையும் போய்ப் பார்த்தேன், நியாயமாக எழுத வேண்டும் இல்லையா. வாசலில் செக்யூரிட்டி, உள்ளே ஏ.சி., மீன் தொட்டி. என் பேரைக் கேட்டு ஸ்டிக்கரில் எழுதிச் சட்டையில் ஒட்டினார்கள். அங்கே ஒருத்தனும் என்னைப் பார்த்துக் குறிப்பெடுக்கவில்லை, மனசுக்கு எவ்வளவு நிம்மதி. வராந்தாவில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனை நிறுத்தி இப்போது என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டேன். “போர்ஷன் எல்லாம் தீர்ந்து அங்கிள், இனி ரிவிஷன்” என்றான். அதில் என்ன படித்தாய் என்றேன். “அதான் தீர்ந்ததே அங்கிள்” என்றான். ஒழுங்கான இடம். வேலையை நேரத்துக்கு முன்னாலேயே முடித்துவிடுகிறார்கள்.

நான் களைத்துப் போய்விட்டேன் அத்தான். நான் இருமினால் ஒருத்தி நேரம் பார்க்கிறாள். சட்டையைத் திருப்பிப் போட்டால் ஒருத்தன் எழுதுகிறான். என் வீட்டில் நான் நானாக இருக்க வேண்டும், பாடமாக இருக்கக்கூடாது. தாமதிக்காமல் கையெழுத்துப் போடுங்கள்.

உங்கள் உடம்புக்கும் வேலைக்கும் வேண்டி ஞாயிறு ஆராதனையில் அக்கா மறக்காமல் ஜெபிக்கிறாள். அந்த நேரத்தில் நான் தூங்கிவிடுகிறேன், அதுவும் பதிவாகியிருக்கிறது. தேவன் உங்களைக் குறைவில்லாமல் காத்து, கிறிஸ்துமஸுக்கு ஊர் கொண்டுவந்து சேர்ப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மைத்துனன்
அஜீஷ்

பி.கு: இன்று சனிக்கிழமை. கடிதத்தையும் படிவத்தையும் உறையில் போட்டு ஒட்டாமல் லேப்டாப்புக்கு அடியில் ஒளித்துவைத்துவிட்டு நேற்று சாயங்காலம் குளிக்கப் போனேன். அது வெப்பமானி வைக்கிற நேரம் என்று நானே மேலே எழுதியிருக்கிறேன், எனக்கு உறைக்கவில்லை. வந்து பார்த்தால் ஷிஜா முழுசும் படித்துவிட்டு, பென்சிலோடு உட்கார்ந்திருக்கிறாள். அழவில்லை. “மாமா, அப்பா கேட்டது நான் என்ன படிக்கேன்னுதானே? நான் எண்ணிப் பாத்தேன். நீங்க எழுதினதுல பாடம் எட்டு இருக்கு, புகார் ஒண்ணு இருக்கு. அந்தப் புகாரும் நாங்க உங்களுக்காக எழுதினது” என்றாள். நானும் எண்ணினேன். எட்டுதான்.

நீ போகமாட்டேன் என்று சொல்லவேண்டியதுதானே என்றேன். “போகச் சொன்னா போவேன். நீங்க டி.சி. வாங்கினது தெரிஞ்சு என் நோட்ட மாடத்திகிட்ட இன்னிக்கே குடுத்தாச்சு, நான் இல்லன்னாலும் உங்கள யாராவது பாக்கணுமே” என்றாள். அந்த நோட்டு தனக்கு வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க இன்று காலை மாடத்தி வந்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. அடுத்த டேர்முக்கும் நான்தானாம், வெள்ளிக்கிழமை ஓட்டு எடுத்திருக்கிறார்கள், பத்துக்கு ஒன்று. எதிர்த்து ஓட்டுப் போட்டது யார் என்று கேட்டேன். “ஷிஜாதான். மாமா பாவம், களச்சுப் போயிட்டாரு, விட்ருங்கன்னு எந்திரிச்சு நின்னு சொன்னா. நாங்க கேக்கல.” மகேஷ்குமார் வேறு, இனி புதன்கிழமைகளில் அஜீஷுக்கு மாலை ஆறு மணிக்குமேல் டீம் கால் வைக்கக்கூடாது, வரைபடத்தில் மாற்றம் தெரிகிறதா என்று கிளையண்ட் கேட்கிறான் என்று மெயில் போட்டிருக்கிறார்.

உறைக்குள் டி.சி. படிவத்தைத் தேடாதீங்க. பின்பக்கம் காலியாக இருக்கிறது என்று மாடத்தி அதில் கட்டம் போட்டு, மாமா சிரித்த தடவைகள் என்று தலைப்பும் எழுதிவிட்டாள். இன்று மத்தியானத்துக்குள் ரெண்டு புள்ளி வந்திருக்கிறது. ரெண்டே புள்ளியை நம்பிக் கோடு போடக்கூடாது, குறைந்தது ஒரு வருஷமாவது பார்க்க வேண்டும் என்கிறார் லிஜோ சார். அதனால் பிள்ளை அங்கேயே இருக்கட்டும்.